அட்டை அண்ணையின் மறுமொழி

அவரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட ஒரு பேஸ்போல் ஆட்டக்காரனின் வாழ்க்கை வரலாறுதான் வரும். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் கதவைத் தட்டி, "அண்ணை, பிள்ளையள் கோயிலுக்கு வெளிக்கிட வேணும். இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "தங்கச்சி, ஒரு பந்தெறிகாரன் இருந்தவன். பெரிய பேர்காரன். பந்தைக் கையிலை எடுத்தானெண்டால் லேசிலை எறியமாட்டான். தொப்பியைத் திருத்துவான், காலாலை மண்ணைக் கிண்டுவான், வானத்தைப் பாப்பான். சனம் ஊளையிடும்..."

அந்தப் பந்தெறிகாரன் கடைசியில் பந்தை எறிந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகளைக் குசினித் தொட்டியில் முகம் கழுவ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் மாமியார் ஒரு வகை மனிதரை, "வழி கேட்டால் வண்டில் செய்த கதை சொல்லுற ஆக்கள்" என்பார். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, பார்க்காமலே சொன்ன சொல், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் குடியிருந்த இந்த மனிதருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. எண்பதுகளின் கடைசியில் வந்து சேர்ந்தவர். ஐந்து வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தார். ஊரில் என்ன செய்தார், கலியாணம் செய்தாரா, அப்பா அம்மா இருக்கிறார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்காமல் இல்லை. கேட்டேன். கேட்ட ஒவ்வொரு தரமும் ஒரு அமெரிக்கனைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

லண்டனில் இருந்துகொண்டு, ஒருவருக்கும் தெரியாத அந்த விளையாட்டு இவருக்கு எங்கே பிடித்தது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்திலே அமெரிக்கப் படைக்காரர் இருந்த ஓர் இடம் இருந்தது. அங்கே சாப்பாட்டு மண்டபத்தில் மேசை துடைக்கிற வேலை அவருக்குக் கிடைத்தது. படைக்காரரின் பிள்ளைகள் சூயிங்கம் வாங்குவார்கள். பொட்டலத்துக்குள் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். பிள்ளைகள் கம்மைச் சப்பிவிட்டு, தங்களிடம் ஏற்கனவே இருக்கிற அட்டைகளை மேசையிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். இவர் அவற்றைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அட்டையில் இல்லாத மிச்சத்தை அங்கே சமைத்த ஒரு வயதான அமெரிக்கர் சொல்லிக்கொடுப்பார். அந்தக் கிழவருக்கும் கேட்க ஆள் இல்லைப் போல. இரண்டும் சேர்ந்துவிட்டன.

அட்டையின் முன்பக்கத்தில் படம். பின்பக்கத்தில் ஆள் எந்தக் கை, எவ்வளவு உயரம், எங்கே பிறந்தவன், எந்தெந்தக் கிளப்பில் விளையாடினவன், கீழே அவன் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வரி. இவர் ஆங்கிலம் படித்ததே அந்தப் பின்பக்கத்தில்தான். அதனால் அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொல் குறைவு. தமிழிலும் பிறகு அது தொற்றிவிட்டது. ஒருநாள் என் கணவரைப் பற்றி என் மகளிடம் சொன்னார்: "உங்கடை அப்பா. வலக்கை. உயரம் நடுத்தரம். மூண்டு வேலை மாறினவர். கோபம் கெதியாய் வரும், கெதியாய்ப் போகும்."

"என்னைப் பற்றிச் சொல்லுங்கோ மாமா" என்றாள் மகள்.

"நீ இன்னும் அட்டைக்கு வரேல்லை."

நாங்கள் அவரை அட்டை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினோம். என் கணவர் மட்டும், "உது மற்ற அட்டை. பிடிச்சால் விடாது, உப்புத்தான் போடவேணும்" என்பார்.

அவருக்கென்று ஒரு வாசகம் இருந்தது. "முன்பக்கம் படம். பின்பக்கம்தான் ஆள்." அதற்கு ஒரு வாலும் உண்டு: "ஆட்டம் முடிஞ்சாப் பிறகு என்ன செய்தவன் எண்டு கேக்கவேணும். அதைத்தான் ஒருத்தரும் கேக்கிறேல்லை." எப்படிக் கேட்பது? அவர் ஓர் ஆளைப் பிறக்கவைத்து, வளர்த்து, மைதானத்துக்குக் கொண்டுவந்து, புகழின் உச்சியில் ஏற்றுவதற்குள் எனக்குச் சோறு குழைந்துவிடும். ஷிப்டுக்குப் பஸ் போய்விடும். நான் அப்போது விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற வேலை. ஒரு பஸ் தவறினால் அந்தச் சுப்பவைசரின் முகத்தை யார் பார்க்கிறது? ஆகவே எல்லாக் கதையையும் ஏணியின் மேல்படியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர் என் மனதில் இன்னும் இறங்காமல் மேலேயே நிற்கிறார்கள்.

கலியாணப் பேச்சு ஒன்றை அவர் குழப்பிய கதையைச் சொல்ல வேண்டும். அவரோடு மேசை துடைத்த பெடியன் ஒருவனுக்கு, கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு பெண் வீட்டார் பேசினார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. சாதகம் பொருந்தினாலும், பெடியனோடு வேலை செய்கிறவரிடம் போய் இரகசியமாக விசாரிக்காமல் அடுத்த அடி வைக்கமாட்டார்கள். பெண்ணின் தாயும் மாமனும் கேக் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. பெடியன் எப்பிடி? குடி கிடி இருக்கோ?" என்று மாமன் கேட்டார்.

நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று, கடவுளே, இன்றைக்கு ஒரு நாளாவது, என்று மன்றாடினேன்.

"ஒரு அடிகாரன் இருந்தவன்" என்று தொடங்கினார் அட்டை அண்ணை. "அவனைப்போல அடிச்சவன் இல்லை. பந்து போய் றோட்டிலை விழும். ஊரே அவனைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் அவன் செத்த வீட்டுக்கு எண்ணி எட்டுப் பேர்."

தாயின் கை கோப்பையிலேயே நின்றது. "ஏன் அண்ணை? ஏன் எட்டுப் பேர்?"

"அதுதான் கதை. சின்ன வயசிலை..."

அவர் சின்ன வயதுக்குப் போக, மாமன் தாயைப் பார்க்க, தாய் மாமனைப் பார்க்க, கேக்கை வெட்டாமலே எழும்பிவிட்டார்கள். சம்பந்தம் அன்றோடு முடிந்தது. பெடியனின் தாய் என் வாசலில் வந்து நின்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். அந்தப் பெடியன் தங்கம். பிறகு ஹவுன்ஸ்லோவில் கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளையோடு, சிகரெட்கூடப் பிடிக்காமல் இருக்கிறான்.

"என்னத்துக்கு அண்ணை அந்தக் கதையைச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"பெடியன் நல்லவன். ஆனால் கூட்டாளியள் இல்லை. நாலு பேரோடை பழகச் சொல்லவேணும் எண்டு சொல்ல வந்தனான். முடிக்க விட்டாத்தானே."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

கோடைகாலத்தில் எங்கள் ஆண்கள் ஒரு பார்க்கில் கிரிக்கெட் விளையாடுவார்கள். இவர் எல்லைக் கோட்டருகே மீன் ரோல்ஸ் கடித்துக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார். ஒருதரம் என் கணவர் ரன் அவுட் ஆகி, மட்டையால் புல்லை அடித்துக்கொண்டு வந்தார். மற்றவன் பிழையாகக் கூப்பிட்டுவிட்டானாம்.

"பேஸ்போலிலை இதுக்கு மருந்திருக்கு" என்றார் அட்டை அண்ணை. "ஓடிக்கொண்டிருக்கிறவன் அடுத்த இடத்துக்குப் போகவேணுமெண்டால், அடிக்கிறவன் தெரிஞ்சுகொண்டே மெல்லத் தட்டிப்போட்டுத் தான் அவுட்டாவான். மற்றவன் தப்பி முன்னுக்குப் போயிடுவான். அது அவன்ரை கணக்கிலை தோல்வியெண்டு எழுதப்படாது. புறம்பாய் எழுதுவினம்."

"தெரிஞ்சுகொண்டு தானே அவுட்டாகிறவன் விசரன்" என்றார் என் கணவர்.

"அதோடை இன்னொண்டு, மச்சான். அந்த ஆட்டத்திலை வெளிக்கிட்ட இடத்துக்கே சுத்தித் திரும்பி வந்தால்தான் ஒரு ஓட்டம்."

"அப்ப எங்கடை சனத்துக்கு அந்த விளையாட்டே சரிவராது. எடுங்கோ அந்த ரோல்ஸை."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் ஆடும்.

இப்போது படிவத்துக் கதை. இதை நான் விரும்பிச் சொல்லவில்லை.

எங்கள் வீதியில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். கவுன்சில், பெனிபிட், பள்ளிக்கூடம், எல்லாம். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. லைப்ரரிப் புத்தகத்திலும் வானொலியிலும் பொறுக்கிய ஆங்கிலம். ஆனால் கையெழுத்து அழகு. நீல மையில் உருட்டி உருட்டி எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அட்டை அண்ணை அகதியாகப் பதிந்து பல மாதம் கழித்து, குடிவரவுக்காரரிடமிருந்து நீளமான கேள்விப் படிவம் ஒன்று வந்தது. குசினி மேசையில் வைத்து நிரப்பினோம். பெயர் எழுதவே அரை மணித்தியாலம். பிறகு அந்தக் கேள்வி வந்தது: இங்கே வருமுன் வேறு நாட்டில் தங்கினீர்களா?

அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் "இல்லை" என்றே போடுவார்கள். ஏஜென்சிக்காரன் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருப்பான். இந்தியாவில் நின்றேன் என்று சொன்னால், அங்கேயே இருந்திருக்கலாமே, இங்கே ஏன் வந்தாய் என்று கேட்பார்கள் என்ற பயம். என் கைக்கு அந்தக் கட்டத்தில் "இல்லை" எழுதிப் பழகிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"வேறை நாட்டிலை நிண்டனீங்களோ அண்ணை?"

"தங்கச்சி, ஒரு ஆட்டக்காரன் இருந்தவன். ஒரு கிளப்பை விட்டு மற்றக் கிளப் எடுக்கிறதுக்கிடையிலை, கடற்கரைப் பக்கமாய் ஒரு சின்ன ஊரிலை, ஒரு வருசத்துக்கு மேலை காத்துக்கொண்டிருந்தவன். அந்த ஊர்ப் பேர் அட்டையிலை இல்லை..."

"ஐயோ அண்ணை! அடுப்பிலை கறி. ஓமோ இல்லையோ? நான் இல்லை எண்டு போடுறன்."

போட்டேன். அவர் என் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிக் கீழே கையெழுத்து வைத்தார். நான் எழும்பிக் கறியைக் கிண்டினேன்.

இரண்டு வருடம் கழித்து என் தம்பி வந்து சேர்ந்தான். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்றவன், என் தோளுக்கு மேலால் மாடிப்படியைப் பார்த்து, "அண்ணை!" என்று கத்தினான். படியில் அட்டை அண்ணை, கையில் சவர்க்காரத்தோடு.

"அக்கா, என்னை இந்தியாவிலை மண்டபத்துக் கரையிலை போட்டிலையிருந்து தூக்கி இறக்கினது இவர்தான்."

தம்பியை ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்து, அடித்து, இடது கையை முறித்துவிட்டிருந்தார்கள். விட்ட கையோடு மீன்பிடிப் படகில் இராமேஸ்வரப் பக்கம் வந்து இறங்கியிருக்கிறான். அதெல்லாம் கடிதத்தில் அறிந்ததுதான். அட்டை அண்ணையும் அப்போது மண்டபம் அகதி முகாமில் இருந்தார் என்பது எனக்குப் புதினமான செய்தி. புதினம் என்று நினைத்தேனே தவிர, நான் எழுதிய அந்த "இல்லை" எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதற்குள் எத்தனை பேரின் படிவம் இந்தக் கையால் போய்விட்டது. அவர் தம்பியின் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, "வளைஞ்சுதான் பொருந்தியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

தம்பியின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கை முறிந்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் எப்போது, எப்படி முறிந்தது என்பதற்கு ஆதாரம் இல்லையாம். மேல்முறையீட்டுக்கு நாள் வந்தது. படகிலிருந்து இறக்கும்போதே கை முறிந்து, முதுகெல்லாம் அடிகாயத்தோடு வந்தான் என்று பார்த்த ஒருவர் சாட்சி சொன்னால் நிலைமை மாறும் என்றார் வழக்கறிஞர் அம்மா. பார்த்த ஒருவர் எங்கள் மாடிப்படியில் இருந்தார். அல்லாவிட்டால் தம்பியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணை, தம்பிக்காக வந்து சாட்சி சொல்லுவீங்களோ?"

சாதாரணக் கேள்வி. "ஓம்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மனிதர் எனக்கு ஒரு கிழமை கதை சொன்னார். திங்கள், வலக்கை உடைந்த பிறகு இடக்கையால் எறியப் பழகிய ஒருவன். செவ்வாய், தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரனுக்குப் பின்னால் பத்து வருடம் ஆட இறங்காமல் வாங்கிலே குந்தியிருந்த ஒருவன். புதன் நான் ஷிப்ட். வியாழன், தெரிந்துகொண்டே அவுட்டாகிறவர்களில் மிகத் திறமான ஒருவன். அவனுக்கு அதற்கே பேராம்.

வியாழக்கிழமை என் பொறுமை போய்விட்டது. கையில் இருந்த அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். "கோதாரி! உந்த அலட்டலைக் கேக்கவே நான் உங்களை வைச்சிருக்கிறன்? என்ரை தம்பியைக் கொண்டுபோய்க் கொழும்பிலை இறக்கப் போறாங்கள். ஒரு வாய் ஓம் எண்டு சொல்ல ஏலாதோ? நன்றி கெட்ட மனுசன்!"

அவர் அகப்பையை எடுத்துக் கழுவி, துடைத்து, கொளுக்கியில் மாட்டினார். கதைகூடச் சொல்லவில்லை. மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. ஞாயிறு பின்னேரம் பார்த்தால் மனிதர் வெள்ளைச் சட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

"எங்கை கலியாணமோ?" என்று கேட்டேன், குத்தலாக.

"வழக்கறிஞர் அம்மாவைப் பாக்கவேணுமெண்டாய்."

அந்த அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். தம்பியைக் கண்ட இடம், காலம், காயம், இவற்றை மட்டும் ஒழுங்காகச் சொன்னார். அவரைப் பற்றி ஏதாவது கேட்டபோது ஒரு பந்தெறிகாரன் குறுக்கே வந்துவிட்டான். வழக்கறிஞர் அம்மா வாசலில் என்னிடம், "உங்கள் சாட்சிக்கு விளையாட்டில் நிறைய ஈடுபாடு போலிருக்கிறது. அன்றைக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

விசாரணை நாள் காலை பாதாள ரயிலில் இருந்துகொண்டு கெஞ்சினேன். "அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அங்கை ஒரு ஆட்டக்காரனும் வரக்கூடாது."

"வரமாட்டாங்கள்."

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பு மாதிரிச் சின்னதாக இருந்தது. நடுவர் ஒரு வயதான மனிதர். குடிவரவுப் பக்கத்துக்காக வாதாட ஓர் இளைஞர். மொழிபெயர்க்க வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி, நல்ல பிள்ளை. அட்டை அண்ணையைக் கண்டதும் அவரும் நான் சொன்னதையே சொன்னார்: "சார், ஆமா, இல்லைன்னு சுருக்கமா சொன்னாப் போதும்."

முதலில் தம்பியைப் பற்றிய கேள்விகள். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அட்டையின் பின்பக்கத்தை வாசிக்கிற மாதிரிச் சொன்னார். "விடியக்காலமை. மண்டபத்துக் கரை. போட்டிலை பதினொரு பேர். இவர் கடைசி. இடது கை முழங்கைக்குக் கீழை முறிஞ்சிருந்தது. முதுகிலை அடிகாயம். என்ரை சாரத்தைக் கிழிச்சுக் கையைக் கட்டினனான்." ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அந்த இளைஞர் ஒரு கோப்பைத் திறந்து, ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இது உங்களுடைய சொந்த விண்ணப்பம். இது இன்னும் முடிவாகவில்லை. இதிலே வேறு எந்த நாட்டிலும் தங்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தியக் கரையில் இவரை எப்படிக் கண்டீர்கள்?"

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நீல மை. உருட்டி உருட்டி எழுதிய கையெழுத்து. என்னுடையது.

படிவம் நிரப்பிய அன்றைய கறி மணம் மூக்குக்கு வந்தது. கடற்கரைப் பக்கமாய் ஒரு சின்ன ஊர், ஒரு வருடத்துக்கு மேலே, பேர் அட்டையிலே இல்லை. மனிதர் அன்றைக்கு எனக்கு மறுமொழி சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை. இங்கே வந்து இதைச் சொன்னால் தன் விண்ணப்பம் என்ன ஆகும் என்று அந்த ஒரு கிழமையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லட்டோ என்று அவர் என்னிடம் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அகப்பையை எறிந்தேன்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக, இந்த மனிதர் இப்போது ஓர் ஆட்டக்காரனைக் கொண்டுவரட்டும் என்று மன்றாடினேன். அவர் கொண்டுவரவில்லை.

"அதிலை எழுதியிருக்கிறது பிழை. மண்டபத்திலை பதினாலு மாசம் இருந்தனான்."

மொழிபெயர்க்கிற தம்பி ஒருதரம் அவரைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நடுவர் எழுதிக்கொண்டார். இளைஞர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"கீழே உள்ள கையெழுத்து உங்களுடையது. ஆனால் மேலே எழுதியிருப்பது வேறு ஒருவர். இந்தப் பொய்யை எழுதியது யார்?"

என் கணவரின் முகம், என் வேலை, பிள்ளைகள், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. எழும்பி நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை.

அட்டை அண்ணை தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரு ஆட்டக்காரன் இருந்தவன்."

மொழிபெயர்க்கிற தம்பி திகைத்துப் போனார். "சார்?"

"பெரிய அடிகாரன். மைதானத்து வாசல்லை அவன்ரை பேரைக் கல்லிலை வெட்டி வைச்சிருக்கினம். சின்ன வயசிலை தகப்பன் இல்லை. தாய் உடுப்புத் தோய்ச்சு..."

தாய் உடுப்புத் தோய்த்தாள். பிள்ளை தடியால் கல்லை அடித்துப் பழகினான். இளைஞர் இரண்டு தரம், "கேள்வி அதுவல்ல" என்றார். பிள்ளை பெரிய கிளப்புக்குப் போனான். மொழிபெயர்க்கிற தம்பிக்கு வியர்த்தது. பேஸ்போலில் பந்து எல்லையைத் தாண்டினால் என்ன சொல்வது என்று என்னைப் பார்த்து முழித்தார். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடிகாரனைச் சனம் தோளில் தூக்கிக்கொண்டு வீதியில் போகும்போது நடுவர் கையை உயர்த்திவிட்டார்.

"போதும். அடுத்த கேள்விக்குப் போங்கள்."

அடுத்த கேள்வி இருக்கவில்லை.

ரயிலில் திரும்பி வரும்போது தம்பி தூங்கிவிட்டான். நான் கேட்டேன்: "ஏன் அண்ணை எனக்கு நேரை சொல்லேல்லை?"

"தங்கச்சி, ஒரு..."

"வாயை மூடுங்கோ!" என்று கத்திவிட்டேன். பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சட்டைப் பையில் கையை விட்டு, நான் கண் துடைக்க லேஞ்சியைத் தேடினார். லேஞ்சி இல்லை, அட்டைகள்தான் இருந்தன.

அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. நேரே சொல்லியிருந்தால் நான் அவரைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். தனியே இருக்கும்போது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை. தம்பி அல்லவா. தெரிந்துகொண்டே கேட்டிருப்பேனோ என்னவோ. அந்தச் சோதனையை எனக்கு வைக்காமல், என்னைப் பேச்சுப் பேசவிட்டு, அகப்பையைக் கழுவி மாட்டின மனிதரை என்ன செய்வது? கட்டிவைத்து அடிக்க வேண்டும்.

தம்பிக்கு அனுமதி கிடைத்தது. தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் சொன்ன சாட்சி என்பதால் நடுவர் நம்பினாராம். சில மாதத்தில் அட்டை அண்ணைக்குக் கடிதம் வந்தது. அவருடைய சொல்லை நம்ப முடியாது என்று எழுதி நிராகரித்திருந்தார்கள். அதே வாய், அதே சொல். நான் வழக்கறிஞர் அம்மாவிடம் போவோம், படிவம் எழுதினது நான்தான் என்று நானே சொல்கிறேன் என்று நின்றேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் நான் காலை ஷிப்டால் வந்து பார்த்தால் அறை காலி. கட்டில் விரிப்பைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார். அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். ஒரு அட்டையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கனடாவுக்குப் போய்விட்டாராம் என்று இரண்டு மாதம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டோம்.

நாலு வருடம் ஒரு சத்தமும் இல்லை. தம்பி கலியாணம் கட்டி, ரெய்னர்ஸ் லேனிலேயே வீடு வாங்கி, பால் காய்ச்சிய அன்று என் வீட்டுப் போன் அடித்தது.

"தங்கச்சி, தம்பி வீடு வாங்கிட்டானாம்?"

போன் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். ஓம் அண்ணை, மூன்று அறை, பின்னுக்கு நல்ல வளவு, என்று எல்லாம் சொன்னேன். பிறகு நாலு வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்ணை, அங்கை உங்களுக்குப் பேப்பர் கிடைச்சிட்டுதோ? ஓமோ இல்லையோ?"

போனில் கொஞ்சம் இரைச்சல். பிறகு அந்தச் செருமல்.

"ஒரு ஆட்டக்காரன் இருந்தவன், தங்கச்சி. மைதானத்து வாசல்லை பேர் வெட்டின ஆள். அண்டைக்கு அந்த ஐயா முடிக்க விடேல்லை..."

வழக்கமாக இந்த இடத்தில் எனக்குத் தலைக்கு ஏறும். அன்றைக்கும் ஏறியது. மனிதா, கடல் கடந்து போயும் நீ திருந்தவில்லையா என்று வாய்க்குள் வந்துவிட்டது. அடுப்பிலே தம்பி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து, கதிரையில் திரும்ப உட்கார்ந்தேன். அவர் அதற்குள் ஆளைத் தோளில் தூக்கி வீதிக்குக் கொண்டுவந்திருந்தார்.

"ஆட்டம் முடிஞ்சாப் பிறகு என்ன செய்தவன், அண்ணை?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவரிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஆயத்தமாக இருந்திருக்கமாட்டார்.

"டயர்க் கடை" என்றார் மெல்ல. "பின்பக்கத்து அறை. நாலு வருசம். குளிருக்கை நிண்டு வேலை. வலது முழங்கால் நோ. வேறை கிளப் எடுக்கேல்லை."

அப்படியானால் பேப்பர் இல்லையோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பிறகு?" என்றேன்.